மருந்து குடித்து முடிக்கும்வரை: கையடக்க மான்ஸ்டர் ஹன்டரும் ஓயாத இரண்டு கட்சியும்

பனிமலை. எதிரே டிக்ரெக்ஸ் என்ற ராட்சத மிருகம் நான்கு காலில் பாய்ந்து வருகிறது. உங்கள் வேட்டைக்காரனின் உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மருந்துக்கான பட்டனை அழுத்துகிறீர்கள். ஆயுதம் கையில் இருந்தால் பெரும்பாலும் முதலில் அதை முதுகில் மாட்டியாக வேண்டும். பிறகு நின்ற இடத்திலேயே நின்று, புட்டியை வாயில் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை குடித்து, இரண்டு கைகளையும் மடக்கிப் புஜத்தைக் காட்டி ஒரு போஸ் கொடுப்பான். அந்த போஸ் முடியும்வரை நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினாலும் நகர மாட்டான். டிக்ரெக்ஸ் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். குடித்த மருந்து அப்படியே வீண்.

அந்த போஸைப் பற்றி உலகமெங்கும் ஆட்டக்காரர்கள் இருபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "இது கட்டுப்பாடா, தண்டனையா? அழுத்தினால் கேட்காத கேமை எவன் ஆடுவான்?" என்று ஒரு கட்சி. "எப்போது குடிக்கலாம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த விளையாட்டே" என்று இன்னொரு கட்சி. பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் கேம்களைப் பற்றிய கருத்துகளைத் தொடர்ந்து படித்துவந்தால் ஒரு விஷயம் பிடிபடும். திட்டுகிறவரும் புகழ்கிறவரும் வேறு வேறு அம்சங்களைப் பற்றிப் பேசுவதில்லை. அதே மருந்து, அதே கேமரா, அதே கிடைக்காத ரத்தினம். மனிதரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுவது பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்கள்: பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஆள் இருந்ததா, முதல் பத்து மணி நேரத்தைத் தாண்டினாரா. இது ஏன் இப்படி ஆனது என்று புரிய, இந்த கேம் கைக்குள் வந்து சேர்ந்த கதை தெரிய வேண்டும்.

கேப்காம் 2004 மார்ச்சில் முதல் மான்ஸ்டர் ஹன்டரை ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2இல் வெளியிட்டது. இணையத்தில் சேர்ந்து ஆடுவதற்கென்றே அந்த நிறுவனம் அப்போது உருவாக்கிய கேம்களில் அதுவும் ஒன்று. நான்கு பேர் கூடி ஒரு பெரிய மிருகத்தை வேட்டையாட வேண்டும். அதன் செதில், கொம்பு, வால் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, கிராமத்துக் கொல்லனிடம் கொடுத்து ஆயுதமும் கவசமும் செய்துகொள்ள வேண்டும். அடுத்த மிருகத்துக்குப் போக வேண்டும். வழக்கமான ரோல்பிளேயிங் கேமில் இருப்பதுபோல் உங்கள் பாத்திரத்துக்கு 'லெவல்' ஏறுவது இதில் கிடையாது. நூறு மணி நேரம் ஆடிய வேட்டைக்காரனும் புதியவனும் சட்டையைக் கழற்றி நின்றால் பலத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். பலம் உடையில் இருக்கிறது. மீதி, ஆடுகிறவரின் கையில் இருக்கிறது.

நல்ல யோசனை. ஆனால் அன்றைக்கு வீட்டு கன்சோலை இணையத்தில் இணைத்து ஆடுகிறவர்கள் குறைவு. கேம் பிழைத்தது பிஎஸ்பி வந்த பிறகுதான். சோனியின் அந்தக் கையடக்கக் கருவி 2004 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒரு வருடம் கழித்து, 2005 டிசம்பரில், மான்ஸ்டர் ஹன்டர் போர்ட்டபிள் வந்தது. பக்கத்து பிஎஸ்பிகளோடு கம்பியில்லாமல், இணையமே இல்லாமல் நேரடியாக இணையும் 'அட்ஹாக்' வசதி அந்தக் கருவியில் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. 2007இல் போர்ட்டபிள் செகண்ட், 2008 மார்ச்சில் அதன் விரிவான வடிவம் போர்ட்டபிள் செகண்ட் ஜி. பின்னது 2009இல் மேலைநாடுகளுக்கு ஃப்ரீடம் யுனைட் என்ற பெயரில் போனது. 2010 டிசம்பர் 1 அன்று ஜப்பானில் போர்ட்டபிள் தேர்டு. கேப்காம் கணக்கில் செகண்ட் ஜி ஏறத்தாழ 38 லட்சம், தேர்டு ஏறத்தாழ 49 லட்சம் விற்றன. தேர்டுக்கு அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பே வரவில்லை.

இப்போது கைக்கு வருவோம். புகார்களில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது.

பிளேஸ்டேஷன் 2 கட்டுப்பொறியில் இரண்டு குச்சிகள் உண்டு. முதல் மான்ஸ்டர் ஹன்டரில் இடது குச்சியால் நடப்பீர்கள், வலது குச்சியைத் தள்ளினால் ஆயுதம் வீசுவான். பிஎஸ்பியில் இருந்ததோ இடப்பக்கம் கீழே ஒரே ஒரு சின்னக் குமிழ். எனவே வாள் வீச்சு வலப்பக்கப் பட்டன்களுக்கு மாறியது. இதைப் பெரிதாக யாரும் குறையாகச் சொல்லவில்லை, பின்னால் வந்த பெரும்பாலான கேம்களும் அதையே தொடர்ந்தன. கேமராதான் சிக்கல். அது அம்புக்குறிப் பட்டன்களில் போய் உட்கார்ந்தது. அதாவது நடக்கும் குமிழும் பார்வையைத் திருப்பும் பட்டனும் ஒரே பக்கம், ஒரே கட்டைவிரலின் ஆளுகையில். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

ஆட்டக்காரர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்டைவிரல் குமிழில் இருக்க, இடது ஆள்காட்டி விரலை மேலிருந்து கொக்கிபோல் வளைத்து அம்புக்குறிப் பட்டன்களின் மேல் வைப்பது. ஜப்பானில் மான்ஸ்டர் ஹன்டரைச் சுருக்கி இதற்கு 'மோன்ஹன் பிடி' என்றே பெயர் விழுந்தது. ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர்கள் நகத்தோடு வளைந்த பறவைக் காலுக்கு ஒப்பிட்டுப் பெயர் வைத்தார்கள். செய்து பார்த்தால் தெரியும்: முதல் அரைமணி நேரத்தில் அந்த விரலின் இரண்டாவது கணு வலிக்க ஆரம்பிக்கும். ஆள்காட்டி விரல் வழக்கமாக இருக்க வேண்டிய எல் பட்டனை நடுவிரல் எடுத்துக்கொள்ளும். உள்ளங்கைக்கும் கருவிக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழும், எனவே கருவியின் எடை முழுக்க வலது கைக்குப் போகும். ஒரு வாரம் கழித்து வலி தெரியாது. ஒரு மாதம் கழித்து வேறு கேம் ஆடும்போதும் விரல் தானாக வளையும்.

இந்தப் பிடியைப் பற்றிய கருத்துகள்தான் எனக்கு எப்போதும் சுவாரசியம். இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு எழுதியவர்கள் எல்லோரும் கேமராவை முதல் பத்தியிலேயே திட்டியிருப்பார்கள். நியாயமான புகார்தான். ஒரு கருவியை அதற்கான முறையில் பிடித்தால் கேமை ஆட முடியவில்லை என்றால் அது வடிவமைப்பின் குறைதானே? இருநூறு மணி நேரம் ஆடியவர்கள் கேமராவைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பார்கள், அதுவும் பழைய பள்ளிக்கூட வாத்தியாரை நினைத்துக்கொள்கிற தொனியில். குறை போகவில்லை. விரல் பழகிவிட்டது, அவ்வளவுதான். குறையே இல்லை என்று வாதாடும் ரசிகர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

கேப்காமும் நின்டென்டோவும் இந்தப் புகாரை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்குச் சான்று பின்னால் கிடைத்தது. தொடர் நின்டென்டோ 3டிஎஸ்ஸுக்கு மாறியபோது, அந்தக் கருவியிலும் ஒரே குமிழ். 2011 டிசம்பரில் மான்ஸ்டர் ஹன்டர் 3ஜி வெளியானபோது, கருவியைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் சர்க்கிள் பேட் ப்ரோ என்ற துணைக்கருவியும் ஜப்பானில் கூடவே வந்தது. அது கொடுத்த முக்கியமான விஷயம், இரண்டாவது குமிழ். தொடுதிரையில் தட்டினால் கேமரா மிருகத்தின் பக்கம் திரும்பும் வசதியையும் அந்த கேமில் சேர்த்தார்கள். 2014 அக்டோபர் 11 அன்று மான்ஸ்டர் ஹன்டர் 4ஜி கேமும், வலப்பக்கம் சின்னக் குச்சி வைத்த நியூ 3டிஎஸ் கருவியும் ஒரே நாளில் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தன. வளைந்த அந்த ஆள்காட்டி விரலின் குரல் கருவி செய்கிறவர்கள்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது, பக்கத்தில் ஆள் இருப்பது.

ஃப்ரீடம் யுனைட்டில் வேட்டைக்குப் போக இரண்டு வாசல்கள். கிராமத் தலைவி கொடுக்கும் வேட்டைகள் தனியாக ஆடுவதற்கு. கூடும் மண்டபத்தில் கிடைப்பவை நான்கு பேர்வரை சேர்ந்து ஆடுவதற்கு. மண்டபத்து மிருகங்களின் உயிர் அளவு கூட்டத்துக்கென்று நிர்ணயித்தது. நீங்கள் ஒற்றை ஆளாகப் போனாலும் அது குறையாது. வேட்டைக்குப் பொதுவாக 50 நிமிடம். மூன்று முறை விழுந்தால் வேட்டை தோல்வி. மிருகத்துக்கு உயிர்க்கோடு திரையில் எங்கும் கிடையாது. அது நொண்ட ஆரம்பித்தால், தன் கூட்டுக்குப் போய்ப் படுத்தால், அப்போதுதான் முடிவு நெருங்குகிறது என்று தெரியும்.

இதைத் தனியாக ஆடுங்கள். 42ஆவது நிமிடத்தில் மூன்றாவது முறை விழுந்தால், ஒரு சின்னப் பூனைக்கூட்டம் உங்களைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்து கூடாரத்தின் முன் கொட்டிவிட்டுப் போகும். வேட்டை முடிந்தது, முக்கால் மணி நேரம் போச்சு. இதே காட்சியை நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினால்? விழுந்தவனைப் பார்த்து மூன்று பேர் சிரிப்பார்கள். ஒருவன் உயிர்ப்பொடி தூவி மற்ற எல்லோருக்கும் உயிரேற்றுவான். மருந்து குடிக்கிறவனுக்காக இன்னொருவன் மிருகத்தைத் தன் பக்கம் இழுப்பான். அந்த போஸ் கொடுக்கும் நேரம் அப்போது யாருக்கும் நீளமாகத் தெரியாது. அதை நண்பன் வாங்கிக் கொடுத்த நேரம் என்றுதான் தோன்றும்.

ஜப்பானில் நான்கு பேர் கூடி ஆடும் இந்த இரண்டாவது கேமைத்தான் மக்கள் ஆடினார்கள். பள்ளி விட்டதும் நண்பர்கள் குடும்ப உணவகங்களில் கூடினார்கள். ரயிலில் போகும்போது எதிர் இருக்கைக்காரரும் வேட்டைக்காரர் என்று கண்டுகொண்டார்கள். "வா, ஒரு வேட்டை போய்ட்டு வரலாம்" என்ற பொருளில் கேப்காம் வைத்த விளம்பர வாசகம் அங்கே சாதாரணப் பேச்சிலேயே கலந்தது. ரயில் வலையும் நெருக்கமும் உள்ள நகரங்களில், பிஎஸ்பி வைத்திருக்கும் நான்கு பேர் ஒரே இடத்தில் சேர்வது கடினமில்லை. அமெரிக்காவில் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு? அங்கே பெரும்பாலானவர்கள் கையில் கிடைத்தது முதல் கேம், தனியாக ஆடும் கேம். அவர்கள் எழுதிய விமர்சனங்களில் "மெதுவாக இருக்கிறது, எதையும் சொல்லித்தருவதில்லை, ஒரே மிருகத்தைத் திரும்பத் திரும்பக் கொல்ல வேண்டியிருக்கிறது" என்பது மாறி மாறி வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிற்பாடு அட்ஹாக் இணைப்பை இணையம் வழியாகக் கடத்தும் மென்பொருள்களைத் தேடிப் பிடித்து, வேறு கண்டத்து ஆட்களோடு ஆடியவர்கள்தான் மேலைநாடுகளில் இந்தத் தொடரின் தீவிர ரசிகர்கள் ஆனார்கள். ஆள் கிடைத்ததும் கட்சி மாறிவிட்டார்கள்.

தனியாக ஆடுகிறவரைத் தயாரிப்பாளர்கள் முழுக்கக் கைவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. செகண்ட் ஜியில் வேட்டைக்குக் கூடவே வரும் பூனைத் துணைவன் முதல்முறையாக வந்தது. போர்ட்டபிள் தேர்டில் இரண்டு பூனைகளைக் கூட்டிப் போகலாம். இந்த போர்ட்டபிள் கேம்களை இயக்கிய யசுனோரி இச்சினோசேயின் கேம்களில் இப்படி ஆளை வாசலிலேயே வரவேற்கும் குணம் தொடர்ந்து தெரிகிறது.

அதிர்ஷ்டத்தைப் பற்றிய புகார் தனி ரகம். உயர்ந்த கவசங்களுக்கு வேண்டிய தட்டு, ரத்தினம் போன்றவை மிருகத்தின் உடலை வெட்டும்போது நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்ற வாய்ப்பில்தான் விழும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ஆசை உணரி. உங்களுக்கு எது வேண்டும் என்று கேம் மோப்பம் பிடித்துவிடும், அதை மட்டும் தராது என்று நம்பிக்கை. தொடரே வேண்டாம் என்று விட்டவர்களும், ஆயிரம் மணி நேரம் ஆடியவர்களும் இந்தப் பேச்சில் மட்டும் ஒன்றுசேர்வார்கள்.

உண்மையில் அப்படி ஒரு உணரி தேவையே இல்லை, சாதாரணக் கணக்கே போதும். ஒரு ரத்தினத்துக்கு 2 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு உடலில் மூன்று முறை வெட்டலாம். 20 மிருகங்களைச் சாய்த்தால் 60 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கிடைக்காமல் போக 98 சதவீத வாய்ப்பு. அதை 60 முறை பெருக்கினால் வருவது கிட்டத்தட்ட 30 சதவீதம். ஆக, ஒரே மிருகத்தை 20 முறை கொன்ற பத்துப் பேரில் மூன்று பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தேவையே இல்லாமல் இரண்டு கிடைத்திருக்கும். ரத்தினங்களைக் கைமாற்றிக்கொள்ளவும் முடியாது. இந்த இடத்தில் நான் புகார்க்காரர்கள் பக்கம்தான். திறமை வளர்கிற வரையில் திரும்பத் திரும்ப வேட்டையாடுவது சுகம். கண்ணை மூடிக்கொண்டு கொல்லத் தெரிந்த பிறகும் பதினைந்தாவது முறை போக வைப்பது நேரத்தைத் தின்பது.

ஞாயமே இல்லாத இன்னொன்று, பிளெசியோத் என்ற மீன் மிருகத்தின் இடுப்பு இடி. உடலைப் பக்கவாட்டில் தள்ளும்போது, அதன் உருவத்துக்கு அப்பால் வெற்றிடத்தில் நிற்பவரும் பறந்து விழுவார். திரையில் படுவதற்கும் கணக்கில் படுவதற்கும் சம்பந்தமே இருக்காது. தீவிர ரசிகர்கள்கூட இதற்கு வக்காலத்து வாங்கி நான் பார்த்ததில்லை.

டிக்ரெக்ஸ் அப்படியில்லை. நியாயமான எதிரி என்றால் அதுதான். போர்ட்டபிள் செகண்ட் கேமின் தொடக்கக் காட்சியிலேயே உங்கள் வேட்டைக்காரனை மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடுவது அதுதான். போக்கே கிராமத்தில் கண் விழிக்கிறீர்கள். கொஞ்ச நாள் கழித்து, போப்போ என்ற யானை மாதிரியான மிருகத்தின் நாக்குகளைச் சேகரித்து வா என்று ஒரு எளிய வேலை வரும். சிரித்துக்கொண்டே மலையேறுவீர்கள். அங்கே டிக்ரெக்ஸ் நிற்கும். உங்கள் கையில் அப்போது இருப்பது எலும்பாலோ இரும்பாலோ செய்த கத்தி. அதன் தோலில் கீறலே விழாது. இசையே மாறிவிடும். ஓடத்தான் வேண்டும். எதற்கு இப்படி ஒரு வேலை என்று பலர் கொதித்துப் போய் எழுதியிருக்கிறார்கள்.

நானும் அந்த இடத்தில் கருவியை மூடி வைத்தவன்தான். பல மாதம் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தபோது ஒன்றே ஒன்றைச் செய்தேன்: ஒரு வேட்டை முழுக்க அடிக்காமல் அதைச் சுற்றி நடந்தேன். அது நேராகப் பாயும், வழுக்கிக்கொண்டே முன்காலை ஊன்றித் திரும்பும், மறுபடி பாயும். அப்புறம் ஒரு மூச்சு நிற்கும். அந்த ஒரு மூச்சு நேரம்தான் கிரேட் ஸ்வோர்டை உருவி ஒரு வெட்டு வெட்ட இடம். ஆசைப்பட்டு இரண்டாவது வெட்டுக்குப் போனால் கதை முடிந்தது. பெரிய வாளை வீச ஆரம்பித்தால் வீசி முடிக்கும்வரை நிறுத்த முடியாது, மருந்து குடிப்பதுபோலத்தான். அன்றைக்குத்தான் எனக்கு அந்த போஸ் புரிந்தது. அந்த மிருகம் எப்போது நிற்கும் என்று தெரிந்தவனுக்கு மருந்து குடிக்க எப்போதும் நேரம் உண்டு. என் கவசம் மாறவில்லை, வாள் மாறவில்லை, டிக்ரெக்ஸ் விழுந்தது.

அதனால்தான் முதல் பத்து மணி நேரத்தைத் தாண்டினாரா என்பது இவ்வளவு பெரிய கேள்வி. ஆனால் இதைச் சொல்லிப் புதியவரை மட்டம் தட்டும் பழக்கம் பழைய வேட்டைக்காரர்களிடம் உண்டு, அது பிடிக்கவில்லை. "உனக்கு ஆடத் தெரியவில்லை" என்பது பதிலே இல்லை. பத்து மணி நேரம் ஒரு மனிதரைக் காக்க வைப்பது கேமின் தரப்பில்தான் குறை. அந்தப் பத்து மணி நேரத்தில் வாளின் கூர் எப்படி மழுங்குகிறது, எந்த ஆயுதம் எந்தக் கைக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் கேம் சரியாகச் சொல்லித்தருவதில்லை. ஃப்ரீடம் யுனைட்டில் 11 வகை ஆயுதங்கள். ஒவ்வொன்றும் தனி கேம் போல. முதல் நாளில் தப்பான ஆயுதத்தை எடுத்ததாலேயே விட்டுப்போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஈட்டி எடுத்து ஓட முடியாமல் நொந்தவர் இரட்டைக் கத்தி எடுத்திருந்தால் தங்கியிருக்கலாம்.

2018 ஜனவரியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டு இந்தப் புகார்ப் பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டு செய்த கேம் போலவே இருந்தது. பெரிய திரைக்கான கேம் அது. நடந்துகொண்டே மருந்து குடிக்கலாம். காட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் திரை நின்று லோடு ஆகாது. தடயத்தைப் பூச்சிகளே காட்டிக்கொடுக்கும். அடியின் அளவு எண்ணாகத் தெரியும். கூட்டத்துக்கு ஏற்ப மிருகத்தின் உயிர் மாறும். விற்பனை 2 கோடியைத் தாண்டியது. பிஎஸ்பி காலத்து ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வேட்டை சுலபமாகிவிட்டது, பழைய பதற்றம் இல்லை என்று ஒரு பக்கம். இத்தனை வருடம் நாங்கள் கெஞ்சியது இதைத்தானே என்று மறுபக்கம்.

2021 மார்ச்சில் நின்டென்டோ ஸ்விட்சுக்கு மான்ஸ்டர் ஹன்டர் ரைஸ் வந்தது. இயக்கியவர் அதே இச்சினோசே. தொடர் மறுபடி கைக்குள் வந்தது, இந்த முறை இரண்டு குச்சிகளோடு. விரல் வளைக்க வேண்டியதில்லை. கூடவே ஒரு நாய் வரும், அதன் மேல் ஏறி ஓடிக்கொண்டே வாளைத் தீட்டலாம், மருந்தும் குடிக்கலாம். கம்பிப்பூச்சியைப் பிடித்து வானத்தில் பறக்கலாம். "ரொம்ப வேகம், மிருகத்தைக் கவனிக்கவே நேரமில்லை" என்று இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், முன்பு ஃப்ரீடம் யுனைட்டை "ரொம்ப மெதுவு" என்று சொன்னவர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

எனக்கு நாய் பிடித்திருக்கிறது. இரண்டு குச்சி இருப்பதற்கு என் விரல் நன்றி சொல்கிறது. ஆனாலும் இந்த கேம்களில் எதையாவது பற்றி யாராவது நல்லதோ கெட்டதோ சொன்னால், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் நான் மூன்று கேள்வி கேட்பேன். என்ன ஆயுதம்? யாரோடு ஆடினீர்கள்? டிக்ரெக்ஸை எத்தனையாவது முறையில் வீழ்த்தினீர்கள்? மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் எண்ணைச் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஏழு.